பலூன் ஊதியவர்களும் காசு எண்ணியவர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் வந்தால், சித்திரைப் புத்தாண்டு வந்தால், நமது நாட்டுச் செய்திகளில் ஓர் எண் தவறாமல் வரும். கடந்த 24 மணித்தியாலத்தில் மதுபோதையில் வாகனம் செலுத்திய இத்தனை சாரதிகள் கைது. நாமும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே "அட, இவ்வளவு பேரா" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த எண் போன வருடத்தை விடக் குறைந்திருந்தால் குடி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, பொலிஸார் வீதியில் நிற்கவில்லை என்று கவலைப்படுவதா? கூடியிருந்தால் என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் வரலாற்றில் நிறையப் பாடம் இருக்கிறது. அங்கே நூறு வருடத்துக்கு மேலாகக் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவனைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். யாரைப் பிடித்தார்கள், எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்பதோடு, பிடிப்பதற்குக் காசு எங்கிருந்து வந்தது, பிடித்ததால் காசு எங்கே போனது என்பதும் பதிவாகியிருக்கிறது. கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு விடயங்களும் இல்லாமல் முதல் எண்ணை விளங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

மது ஹராம் என்று வளர்ந்த நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். எதிரே லொறி ஓட்டி வருபவன் நம் வீட்டில் வளரவில்லையே. அதைவிட முக்கியமாக, இந்தக் கதையில் அதிகம் அடிபட்டவர்கள் அன்றைக்கு ஒரு சொட்டும் குடிக்காதவர்கள். அது பிறகு வருகிறது.

நியூயோர்க் மாநிலம் 1910இல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்ததே தவிர அளவுகோல் வரவில்லை. பொலிஸ்காரர் வாயை மணந்து பார்ப்பார், கோட்டில் நடக்கச் சொல்வார், நீதிமன்றத்தில் "இவன் தள்ளாடினான்" என்பார். மற்றவன் "கால் சுளுக்கு" என்பான். வசதியானவனுக்கு நல்ல சட்டத்தரணி இருந்தால் முடிந்தது கதை.

இதை மாற்றியவர் இந்தியானா பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனவியலாளர் ரோலா ஹார்ஜர். 1931இல் அவர் கண்டுபிடித்த கருவிக்கு 'டிரங்கோமீட்டர்' என்று பெயர். சாரதி ஒரு பலூனை ஊத வேண்டும். அந்தக் காற்றை பொற்றாசியம் பெர்மங்கனேற்றுக் கரைசலுக்குள் விடுவார்கள். மூச்சில் மதுசாரம் இருந்தால் ஊதா நிறம் மங்கும். நம்மூரிலும் இதற்குப் 'பலூன் ஊதுறது' என்றுதானே பெயர்! இண்டியானாபொலிஸ் பொலிஸார் 1938 டிசம்பர் 31ஆம் திகதி இரவு இதை வீதிக்குக் கொண்டுவந்தார்கள். புத்தாண்டு இரவில் சாரதிகளை ஊத வைக்கும் வழக்கத்துக்கு அவ்வளவு வயது. 1954இல் அதே இந்தியானா மாநிலப் பொலிஸைச் சேர்ந்த ரொபர்ட் போர்கன்ஸ்டீன், பலூன் தேவைப்படாத, எளிதாகக் கொண்டு திரியக்கூடிய 'பிரீத்தலைசர்' கருவியைச் செய்தார். பிறகு 1962-63இல் மிச்சிகனிலுள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில், விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான சாரதிகளையும் அதே வீதிகளில் விபத்தில்லாமல் போன ஆயிரக்கணக்கான சாரதிகளையும் ஊத வைத்து ஒப்பிட்டார். மதுசாரத்தின் அளவு கூடக் கூட விபத்தின் ஆபத்து எப்படிப் பாய்ந்து ஏறுகிறது என்று அன்றுதான் உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்று இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று நாம் வைத்திருக்கும் எல்லைக்கும் அந்த வகை ஆய்வுகள்தான் அடித்தளம்.

கருவி இருந்தது, சட்டம் இருந்தது. ஆனால் கைதுகள் பெரிதாக ஏறவில்லை. காரணம் லேசானது. ஒரு குடிகாரனைக் கைது செய்தால் அவனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், சோதிக்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், பிறகு ஒரு நாள் சாட்சி சொல்லவும் போக வேண்டும். அந்தப் பொலிஸ்காரரின் இரவில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். அதற்கு யார் சம்பளம் கொடுப்பது? 1970களில் மத்திய அரசாங்கம் 35 இடங்களில் விசேட திட்டங்களை ஆரம்பித்து, இரவுக் கண்காணிப்புக்கென்றே காசு கொடுத்தது. உடனே அந்த இடங்களில் கைதுகள் ஏறின. அங்கே திடீரென்று குடிகாரர் பெருகிவிடவில்லை. பிடிக்க ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் நேர்மாறான வேலை நடந்தது. வியட்நாம் போருக்கு 18 வயதில் அனுப்பலாம், வாக்களிக்க மட்டும் 21 வயதா என்ற நியாயமான கோபத்தில் 1971இல் வாக்குரிமை வயதை 18 ஆக்கினார்கள். அந்த அலையில் 1970க்கும் 1975க்கும் இடையில் 29 மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. ஒரு மாநிலத்தில் 18, பக்கத்து மாநிலத்தில் 21. பொடியன்கள் என்ன செய்வார்கள்? வாகனத்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, நள்ளிரவில் அதே வீதியால் திரும்பி வந்தார்கள். எல்லாரும் திரும்பி வரவில்லை. அந்த மாநில எல்லைகளுக்கு 'இரத்த எல்லைகள்' என்றே பெயர் வந்தது.

1980 மே 3. கலிபோர்னியாவின் ஃபெயார் ஓக்ஸில் கேரி லைட்னர் என்ற 13 வயதுச் சிறுமி வீதியோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த கார் அவளை அடித்துவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் ஏற்கனவே பல தடவை குடிபோதைக்காகப் பிடிபட்டவன். சில நாட்களுக்கு முன்னர்தான் வேறொரு அடித்துவிட்டு ஓடிய வழக்கில் பிணையில் வெளியே வந்திருந்தான். அவளுடைய தாய் கேண்டி லைட்னர் அந்த வருடமே 'குடித்து ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவரை "கொஞ்சம் போட்டிருந்தான், பாவம்" என்று பேசிய நாடு, அதைக் கொலைக்குச் சமமாகப் பேசத் தொடங்கியது. ஒரு சமூகத்தின் வெட்கம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாயால் இடம் மாற்ற முடிந்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் இதைவிடப் பெரிய யுத்தங்களெல்லாம் இருக்கின்றன, ஆனால் எனக்கு இது சின்ன விடயமாகத் தெரியவில்லை.

1984 ஜூலை 17இல் ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மது வாங்கும் வயது 21 ஆக வேண்டும். மாநிலங்களின் மது விவகாரத்தில் மத்திய அரசாங்கம் நேரடியாகக் கைவைக்க அவர்களுடைய அரசியலமைப்பு லேசில் விடாது. எனவே காசில் கைவைத்தார்கள். வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு வீதி அமைக்கக் கொடுக்கும் மத்திய நிதியில் முதலில் 5 சதவீதம், பிறகு 10 சதவீதம் வெட்டு. 19 வயதுக்காரருக்கு மென்மையான பியர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987இல் உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று மத்திய அரசின் பக்கம் நின்றது. 1988க்குள் 50 மாநிலங்களும் வழிக்கு வந்தன. 1995இல் இதே வெட்டுப் பயத்தைக் காட்டித்தான், 21 வயதுக்குக் குறைந்த சாரதிக்கு ஏறக்குறையப் பூச்சிய அளவு என்ற விதியையும் எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் காசு நல்ல வேலை செய்தது என்றுதான் நான் சொல்வேன். உயர்தரப் பாடசாலை மாணவர்களில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துவிட்டு வாகனம் ஓட்டினாயா என்று அங்கே தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். 1991இல் 22.3 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். 2011இல் அது 10.3 சதவீதம். பாதிக்கும் கீழே. குடியே குறைந்தது. 1980இல் 12ஆம் தர மாணவர்களில் 72 சதவீதத்தினர் கடந்த மாதம் குடித்ததாகச் சொன்னார்கள், 2019இல் சுமார் 29 சதவீதத்தினர்தான் அப்படிச் சொன்னார்கள். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1983இல் 16 வயதினரில் 46 சதவீதத்தினரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. 2014இல் 24.5 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. அதாவது அந்தத் தலைமுறை குடிப்பதையும் குறைத்தது, ஓட்டுவதையும் குறைத்தது.

ஆக, இளைஞர்கள் குறைவாகப் பிடிபட்டதில் ஒரு பெரிய பங்கு உண்மையான நல்ல செய்தி. மொத்தக் கைதுகளும் 1983இல் சுமார் 19 இலட்சமாக இருந்து 2019இல் 10 இலட்சத்துச் சொச்சமாக இறங்கின. குடிபோதைச் சாரதிகளால் ஏற்பட்ட மரணங்கள் 1982இல் 21,000க்கு மேல், 2019இல் 10,000ஐச் சற்றுத் தாண்டிய அளவு. இரண்டு கோடும் சேர்ந்து இறங்குகின்றன. அப்படியானால் கைதைப் பார்த்தே மரணத்தைக் கணிக்கலாம் போலிருக்கிறதே?

2020 வந்தது. கொரோனா. பொலிஸார் சாரதியின் மூச்சுக்குப் பக்கத்தில் போகவே பயந்தார்கள். பல இடங்களில் சோதனைகளை நிறுத்தினார்கள். கைதுகள் நன்றாகக் குறைந்தன. அதே வருடம் குடிபோதை விபத்து மரணங்கள் 14 சதவீதம் கூடி 11,654 ஆகின. அடுத்த வருடம் 13,384. கைதுக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அமெரிக்கா திருந்திவிட்டது என்று எழுதியிருப்போம்.

இனிக் காசின் மற்றப் பக்கத்துக்கு வருகிறேன்.

வீதியில் சாவடி போட்டு வரும் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது சரியா என்று 1990இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. (சோதனைச்சாவடி என்றதும் நமக்கு வேறு ஞாபகங்கள் வரும். இது அதுவல்ல.) மிச்சிகன் மாநிலத்தில் சோதனைக்காகப் போட்ட ஒரு சாவடியில் 75 நிமிடத்தில் 126 வாகனங்கள் நிறுத்தப்பட்டன. பிடிபட்ட குடிகாரர் இரண்டு பேர். ஆறு நீதியரசர்கள் சரி என்றார்கள், மூன்று பேர் பிழை என்றார்கள். இப்படிப்பட்ட சாவடியின் பலன் பிடிபட்ட இரண்டு பேரில் இல்லை. "இன்றைக்கு நிற்பார்கள் போல" என்று பயந்து வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களில்தான் இருக்கிறது. முறையாக, ஊருக்குச் சொல்லிவிட்டு நடத்தினால் மதுசார விபத்துகள் சுமார் ஐந்தில் ஒன்று குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் நன்றாக வேலை செய்யும் சாவடியில் கைது குறைவாகத்தான் இருக்கும். மேலதிகாரிக்கோ, காசு கொடுத்தவனுக்கோ அதை எப்படிக் காட்டுவது?

கலிபோர்னியாவில் காட்ட வேறு பொருள் கிடைத்தது. 1993இல் அந்த மாநிலம், சட்டபூர்வ வதிவிடம் இல்லாத குடியேறிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதை நிறுத்தச் சட்டம் செய்தது. 1995 முதல், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுபவனின் வாகனத்தை 30 நாள் பிடித்து வைக்கலாம் என்று இன்னொரு சட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சட்டம் ஒருவனுக்குப் பத்திரம் கிடைக்காமல் செய்கிறது. இரண்டாவது, பத்திரம் இல்லாததற்காக அவனுடைய வாகனத்தை எடுக்கிறது. தோட்டத்திலும் ஹோட்டல் சமையலறையிலும் வேலை செய்யும் மெக்சிக்கோக்காரன் பஸ் இல்லாத ஊரில் வேலைக்கு வாகனத்தில்தான் போக வேண்டும். இரவு வேலை முடிந்து வருகிறான். மதுபோதைச் சாவடி. ஊதச் சொன்னால் ஊதுவான், அவனிடம் ஒன்றும் இல்லை. "லைசன்ஸ் எங்கே?" என்று கேட்டதும் கதை முடிந்தது.

2010இல் கலிபோர்னியாவின் புலனாய்வுச் செய்தியாளர்கள் கணக்கைத் தோண்டினார்கள். 2009ஆம் ஆண்டு மதுபோதைச் சாவடிகளில் கைதான குடிகாரர் சுமார் 3,200 பேர். பிடித்து வைக்கப்பட்ட வாகனங்கள் 24,000க்கு மேல். அவற்றிலிருந்து இழுவைக் கட்டணமாகவும் தண்டமாகவும் கிடைத்தது சுமார் 4 கோடி டொலர். வாகனத்தை இழுத்துப்போன கம்பனிக்கும் நகரசபைக்கும் பங்கு. சாவடியில் நின்ற பொலிஸாரின் ஓவர்டைமுக்கு வீதிப் பாதுகாப்பு நிதியிலிருந்து சுமார் 3 கோடி டொலர். ஹிஸ்பானிய மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரங்களில், சிறுபான்மையினர் குறைவாக வாழும் நகரங்களை விட மூன்று மடங்கு வேகத்தில் வாகனங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

30 நாள் முடிய மீட்கப் போனால் 1,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். பலருடைய வாகனமே அந்தப் பெறுமதி இல்லை. விட்டுவிட்டுப் போனார்கள், வாகனம் ஏலத்துக்குப் போனது.

குழந்தையை இழந்த ஒரு தாயின் கண்ணீரில் தொடங்கிய சாவடி, முப்பது வருடத்துக்குள் இப்படி வந்து நின்றது. இதில் யாரும் வில்லன் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. குடிகாரனைக் கைது செய்தால் இரவு முழுக்க வேலை, வருமானம் எப்போதோ. பத்திரம் இல்லாதவனின் வாகனத்தை எடுத்தால் சில நிமிட வேலை, காசு அந்த மாதமே. எல்லாரும் தம் வேலையைத்தான் பார்த்தார்கள். பத்திரம் இல்லாதவர்களும் ஆபத்தான சாரதிகள்தானே என்று பொலிஸ் தரப்பு வாதாடியது. அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்களைப் பத்திரம் இல்லாதவர்களாக ஆக்கியது யார்?

மிச்சிகன் இன்னும் வெளிப்படையாக நடந்தது. அந்த மாநிலத்தின் சொந்த நீதிமன்றம் 1993இல் சாவடியே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் 2003இல் வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தபோது 'சாரதி பொறுப்புக் கட்டணம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றத் தண்டத்தைக் கட்டி முடித்த பிறகும், குடித்து ஓட்டியவன் வருடம் 1,000 டொலர் வீதம் இரண்டு வருடம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அனுமதிப்பத்திரம் பறிபோகும். பத்திரம் போனால் வேலை போகும். வேலை போனால் எதைக் கட்டுவது? 2018இல் அந்தச் சட்டத்தை நீக்கும்போது சுமார் மூன்றரை இலட்சம் பேர் 60 கோடி டொலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தார்கள். அத்தனையும் வரவே வராத காசு. தள்ளுபடி செய்தார்கள்.

வருமானம் குறையும்போது என்ன நடக்கும் என்பதற்கும் கலிபோர்னியாவே உதாரணம். அங்கே முதல் தடவை பிடிபட்ட குடிபோதைச் சாரதிக்குச் சட்டத்தில் உள்ள ஆகக் குறைந்த தண்டம் 390 டொலர். அதற்கு மேல் ஏற்றும் மேலதிக அறவீடுகளால் அது பல மடங்காகிவிடும். அந்த அறவீடுகளிலிருந்துதான் பொலிஸ் பயிற்சி, அவசர மருத்துவம், மரபணு ஆய்வு, நீதிமன்றக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் காசு. 2010களில் வீதிக் குற்ற வழக்குகள் குறைந்தன, தண்ட வருமானமும் வருடா வருடம் இறங்கியது. 2016இல் கட்டிக்கொண்டு போகவிருந்த பல நீதிமன்றத் திட்டங்களை நிறுத்த வேண்டி வந்தது. மக்கள் ஒழுங்காக நடந்தால் கட்டடம் நிற்கும் என்றவாறு ஒரு கணக்கை யார் போட்டார்களோ! நம் நாட்டைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. பிரித்தானியர் காலத்தில் சாராயக் குத்தகையை நம்பி அரசாங்கம் நடந்த கதை நமக்கும் உண்டு. அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

கலிபோர்னியாவில் முடிச்சை அவிழ்த்தது இரண்டு சட்டங்கள். 2011இல், பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மதுபோதைச் சாவடியில் வாகனத்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒன்று. முன்வைத்தவர் கில் செடில்லோ. 2013இல் இன்னொன்று: வதிவிட ஆவணம் இல்லாதவரும் பரீட்சையில் சித்தியடைந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முதல் வருடத்திலேயே சுமார் 6 இலட்சம் பேர் பத்திரம் எடுத்தார்கள். இத்தனை பேர் வீதிக்கு வந்தால் விபத்து கூடும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி மொத்த விபத்துகள் கூடவில்லை. அடித்துவிட்டு நிற்காமல் ஓடும் சம்பவங்கள் மட்டும் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்தன. பத்திரம் இருப்பவனுக்கு, வாகனம் பறிபோகும் என்ற பயம் இல்லாதவனுக்கு, ஓட வேண்டிய காரணம் ஒன்று குறைகிறது. அவன் இறங்கி வந்து பார்க்கிறான், அம்பியூலன்ஸைக் கூப்பிடுகிறான்.

1980இல் ஃபெயார் ஓக்ஸில் கேரியை அடித்த கார் நிற்கவில்லை.